தீபாவளிப் பார்சலுக்குக் கடைசித் தேதி குறிப்பது எப்படி? கொங்குப் பகுதிச் சிறு ஆன்லைன் வியாபாரிகளுக்கு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் ரகம், சென்னிமலையில் பெட்ஷீட், நெகமத்தில் காட்டன் சேலை, இளம்பிள்ளையில் பட்டு ரகச் சேலை, கரூரில் திரைச்சீலை, பவானியில் ஜமக்காளம். இவற்றை வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பவர்கள் நம் பக்கம் ஏராளம். இவர்களுக்கு ஆர்டர் அதிகம் குவிவது தீபாவளி நோம்பிக்குத்தான் (நோம்பி என்றால் நம் பக்கம் பண்டிகை). "இன்னும் பார்சல் வரலைங்களே" என்ற போனும் அப்போதுதான் அதிகம் வரும்.

பெரும்பாலும் நாம் என்ன செய்கிறோம்? கூரியர் ஆபீஸில் "மூணு நாள்ல போயிருங்க" என்கிறார்கள். நாமும் தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்பு வரை ஆர்டர் எடுக்கிறோம். பார்சல் போய்ச் சேரவும் செய்யும். ஆனால் அந்தச் சேலைக்கு பிளவுஸ் தைக்க டெய்லர் கிடைக்க மாட்டார். அல்லது வாங்கியவர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருப்பார். ஆகவே கடைசித் தேதியைக் கூரியர் ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வாங்குபவர் அந்தப் பொருளை எப்போது, எந்த ஊரில், என்ன செய்யப்போகிறார் என்பதிலிருந்துதான் அது கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்குதான்.

படி 1: பொருள் கையில் இருக்க வேண்டிய நாளைக் குறியுங்கள்

காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஆயுத பூஜை அக்டோபர் 19 திங்கள், விஜயதசமி 20 செவ்வாய். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் ஞாயிறு என்பதால் 18, 19, 20 மூன்று நாளும் தொடர்ந்து விடுமுறை. இந்த இடைவெளியைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள், பின்னால் வேண்டும்.

இப்போது நீங்கள் விற்கும் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: இது வாங்குபவர் கைக்கு எந்த நாளில் போனால் பயன்படும்?

சேலைக்கு ஓரம் அடிக்க வேண்டும், ஃபால்ஸ் வைக்க வேண்டும், சிலர் முந்தானையில் குஞ்சம் கட்டுவார்கள், பிளவுஸ் தைக்க வேண்டும். ஓரளவு பெயரெடுத்த டெய்லர் யாரும் நோம்பிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தில் புதுத்துணி வாங்க மாட்டார். எனவே சேலை கையில் இருக்க வேண்டிய நாள் நவம்பர் 7 அல்ல. அக்டோபர் 17, சனிக்கிழமை. சுடிதார் மெட்டீரியலுக்கும் இதே தேதிதான்.

குழந்தைகளுக்கான ரெடிமேடில் அளவுதான் பிரச்சினை. மாற்றித் தருவதாகச் சொல்லி விற்றால், பார்சல் ஒரு முறை போக, ஒரு முறை திரும்ப, மறுபடி போக நாள் வேண்டும். மாற்றித் தர மாட்டோம் என்றால் நோம்பிக்கு இரண்டு நாள் முன்பு கிடைத்தாலும் போதும். எனவே இந்த ரகத்துக்கு இரண்டு கடைசித் தேதிகள் வைப்பது நல்லது: அளவு மாற்றும் வசதியோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று.

பெட்ஷீட், திரைச்சீலை, ஜமக்காளம் வாங்குபவர்கள் வீடு வெள்ளையடித்துச் சுத்தம் செய்யும் வாரத்திலேயே விரிக்க நினைப்பார்கள். நோம்பிக்கு ஒரு வாரம் முன்னால் போய்ச்சேர வேண்டும். கம்பெனிகள் தொழிலாளர்களுக்குக் கொடுக்க மொத்தமாக வாங்கும் பெட்ஷீட், துண்டு, வேட்டிக்கு போனஸ் கொடுக்கும் நாள்தான் எல்லை. அந்தத் தேதியை வாங்குபவரிடம் நேராகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

படி 2: அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

சென்னைக்குப் போகும் ஒரு நெகமம் சேலையை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 17 சனிக்கிழமை கையில் இருக்க வேண்டும். சாதாரண நாளில் பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்கு இரண்டு நாள் என்றால், நோம்பிக் கூட்டத்தில் நான்கு வேலை நாளாக வையுங்கள். அக்டோபர் 12 திங்கள் சாயங்காலம் வண்டி ஏறினால் 13, 14, 15, 16 என நான்கு வேலை நாள் கிடைக்கிறது. 17ஆம் தேதி கைவசம் மிச்சம். பேக்கிங்குக்கு ஒரு நாள் ஒதுக்கினால், ஞாயிறு போக, ஆர்டரை மூட வேண்டிய நாள் அக்டோபர் 10, சனிக்கிழமை.

தீபாவளிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால்! "அதுக்குள்ள யாருங்க வாங்குவாங்க?" என்று தோன்றும். பிளவுஸ் தைக்க வேண்டியவர்கள் அதற்குள்தான் வாங்குவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ரெடிமேட் பிளவுஸோடு சேர்த்துக் கொடுங்கள், அல்லது பிளவுஸ் நேரத்துக்குத் தைக்க முடியாது என்று சொல்லியே விற்கலாம். சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

ரெடிமேடுக்கு: தமிழ்நாட்டுக்குள் அனுப்ப அக்டோபர் 31 சனிக்கிழமை கடைசி. நவம்பர் 2 முதல் 6 வரை ஐந்து வேலை நாள், 7ஆம் தேதி மிச்சம். அளவு மாற்றும் வசதியோடு விற்றால், அக்டோபர் 17ஆம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும், ஆயுத பூஜை விடுமுறை நடுவில் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது. மும்பை, டெல்லி, கொல்கத்தாவுக்கு அக்டோபர் 24 சனிக்கிழமைக்குப் பிறகு தீபாவளி என்ற பேச்சே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொல்கத்தாவில் அதற்கு முந்தைய வாரம் துர்கா பூஜை. அந்த நாட்களில் அங்கே டெலிவரி எதிர்பார்க்க முடியாது.

கேரளாவில் வாடிக்கையாளர்கள் இருந்தால் அவர்களின் பெரிய நோம்பி ஓணம். 2026இல் திருவோணம் ஆகஸ்ட் 26. பாலக்காடு பக்கம்தானே என்று இருந்துவிடாதீர்கள், திருவனந்தபுரம் இங்கிருந்து சென்னை அளவுக்குத் தூரம் என்றே கணக்கு வையுங்கள்.

நாள் கணக்கை ஊகத்தில் போட வேண்டியதில்லை. பழைய டிராக்கிங் நம்பர்கள் உங்கள் போனிலேயே இருக்கின்றன. ஒரு நோட்டில் பின்கோட்டின் முதல் மூன்று எண்களை எழுதுங்கள்: 600 சென்னை, 625 மதுரை, 620 திருச்சி, 627 திருநெல்வேலி, 560 பெங்களூரு, 500 ஐதராபாத், 400 மும்பை, 110 டெல்லி. நம் ஊர்கள் 636 சேலம், 637 நாமக்கல், 638 ஈரோடு, 639 கரூர், 641 கோவையும் திருப்பூரும், 642 பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் நேராக, போன நோம்பி சீசனில் அனுப்பிய பார்சல்களில் எது மிகவும் தாமதமாகப் போனதோ அந்த நாளை எழுதுங்கள். சராசரி வேண்டாம். சராசரியை வைத்துத் தேதி சொன்னால் அதைவிடத் தாமதமாகப் போகும் பார்சல்காரர்கள் எல்லோரும் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.

படி 3: சரக்கு உங்கள் கைக்கு வரும் தேதியைச் சரிபாருங்கள்

அனுப்பும் தேதியை எவ்வளவு சரியாகப் போட்டாலும், சரக்கு வந்தால்தானே அனுப்ப முடியும்? நம் பக்கத்துத் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு டீ சர்ட் உங்கள் அலமாரிக்கு வருவதற்கு முன் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கை மாறி கை மாறி வருகிறது. ஒவ்வொன்றும் கூலிக்குச் செய்து தரும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட். பிரிண்டிங் யூனிட்டில் இரண்டு நாள் தாமதமானால், பின்னால் இருக்கும் எல்லோரும் அந்த இரண்டு நாளை உங்கள் தலையில்தான் ஏற்றுவார்கள்.

இதில் தீபாவளிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. போனஸ் வாங்கியதும் தென்மாவட்டத் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒடிசா, மேற்கு வங்கத்துக்காரர்கள் துர்கா பூஜைக்கே கிளம்புவார்கள். பீகார்க்காரர்கள் தீபாவளிக்குப் போனால் சாத் பூஜை முடித்துத்தான் வருவார்கள். அதனால் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தைத்து வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் எழுதி வைக்கவே தகுதியில்லாதது. அந்த வாரம் உங்களுக்கு முன்னால் நிற்கும் பெரிய ஆர்டர்காரர்களையே முடிக்க அவர்களுக்கு ஆள் போதாது.

கைத்தறி எடுப்பவர்களுக்கு மழைதான் பெரிய விஷயம். பாவு (தறியின் நெடுக்கு நூல்) ஓட்டவும் கஞ்சி போடவும் சாயம் காயவும் வெயில் வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தறிக்காரர் சொன்ன தேதி தள்ளிப்போகும், அவர் மேல் குற்றமில்லை. சென்னிமலை, பவானிப் பக்கம் ஆர்டர் கொடுப்பவர்கள் ஆடியிலேயே கொடுத்து, ஆவணிக் கடைசிக்குள் சரக்கை எடுத்துவிடுவது நல்லது. சந்தையிலிருந்து எடுப்பவர்களும் இதே மாதிரி முந்த வேண்டும். ஈரோடு ஜவுளிச் சந்தைக்குக் கேரளா, கர்நாடகா, ஆந்திரா மொத்த வியாபாரிகள் நமக்கு முன்னாலேயே வந்து நல்ல டிசைனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஜாப் ஒர்க்கர் ஒரு தேதி சொன்னால், அவரோடு வாதாட வேண்டாம். உங்கள் நோட்டில் அதோடு ஒரு வாரம் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள். சரக்கு கையில் வராமல் படம் மட்டும் போட்டு ஆர்டர் எடுப்பவர்கள் நிறைய. மற்ற மாதங்களில் அது பரவாயில்லை. புரட்டாசி, ஐப்பசியில் மட்டும் கையில் இருப்பதை மட்டுமே விற்பது என்று வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

படி 4: எதில் அனுப்புவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்

ஒரே கூரியரை நம்பியிருப்பது நோம்பி நேரத்தில் ஆபத்து. குறைந்தது இரண்டு வழி வேண்டும். அதில் ஒன்று அஞ்சல் துறையின் ஸ்பீடு போஸ்ட்டாக இருக்கட்டும் என்பேன். காரணம் இதுதான். தனியார் கூரியர்கள் நகரத்துக்குள் வேகமாகப் போகின்றன. ஆனால் உள்கிராமத்துப் பின்கோடுகளில் பார்சல் பக்கத்து டவுன் கிளையிலேயே உட்கார்ந்துவிடும், வாடிக்கையாளரை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். தபால்காரர் போகாத ஊர் கிடையாது. எனவே ஆர்டர் வந்ததும் பின்கோட்டைப் பார்த்து, நகரமா கிராமமா என்று பிரித்து வைப்பது நல்ல பழக்கம். 2025இல் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது, அந்த ஆண்டு அக்டோபரில் கட்டணமும் மாறியது. பழைய கட்டணத்தை வைத்து விலை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூரியர் கிளையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை நாள் ஆகும்?" என்பதல்ல. "உங்க வண்டி சாயங்காலம் எத்தனை மணிக்குக் கிளம்புதுங்க?" என்று கேளுங்கள். கிளை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கலாம், வண்டி ஆறு மணிக்கே கோவை ஹப்புக்கு (பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் இடம்) கிளம்பியிருக்கும். ஏழு மணிக்கு நீங்கள் கொடுக்கும் பார்சலுக்கு அன்றைய தேதியில் ரசீது கிடைக்கும், பார்சல் மறுநாள் சாயங்காலம்தான் நகரும். சனிக்கிழமை இப்படி ஆனால் ஞாயிறையும் சேர்த்து இழக்கிறீர்கள். அதே சமயம் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கு மறுநாளுக்கும் கிளை திறந்திருக்குமா, சீசனில் பிக்கப்புக்கு ஆள் வருவாரா, ஒரு நாளைக்கு எத்தனை பார்சல் வரை எடுப்பார்கள் என்பதையும் செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். சீசன் நடுவில் கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கே நேரம் இருக்காது.

வெளியூர்க் கடைகளுக்கும் ரீசெல்லர்களுக்கும் மூட்டையாக அனுப்பினால் லாரி பார்சல் சர்வீஸ்தான் கட்டுப்படியாகும். குடோன் நிரம்பினால் சில ரூட்டுகளுக்குப் புக்கிங்கையே நிறுத்திவிடுவார்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே மூட்டைகளை ஏற்றிவிடுவது உத்தமம். சரக்கு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணம்) வேண்டும். டோர் டெலிவரியா, குடோனில் வந்து எடுப்பதா என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இது தெரியாமல் மூட்டை குடோனில் கிடக்க, கடைக்காரர் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது.

கடைசி நேரத்துக்கு ஆம்னி பஸ் இருக்கிறதே என்று சிலர் நம்புவார்கள். இரவு கோவையிலோ திருப்பூரிலோ போட்டால் காலையில் சென்னையில் எடுத்துக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மூன்று நாளும் அந்த டிக்கியில் பயணிகளின் பெட்டிகளுக்கே இடம் போதாது. அதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், திட்டமாக வைக்காதீர்கள்.

படி 5: பேக்கிங், எடை, மழை

இதை விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இரண்டு விஷயத்தில் நிறையப் பேர் பணம் விடுகிறார்கள்.

ஒன்று எடை. கூரியர் கட்டணம் பெரும்பாலும் 500 கிராம் படிகளில் ஏறும். சேலை 460 கிராம் இருந்து, அட்டைப்பெட்டியும் டேப்பும் சேர்ந்து 530 ஆனால் அடுத்த படிக்குப் பணம் கட்டுகிறீர்கள். அதையே கூரியர் கவரில் போட்டால் படிக்குள் நிற்கும். இரண்டாவது, கன அளவு. பல தனியார் கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து, அதையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் வாங்கும். ஒன்றரைக் கிலோ பெட்ஷீட்டை 40×30×15 பெட்டியில் வைத்தால் 3.6 கிலோவுக்குக் கட்டணம். நன்றாக மடித்து, காற்றை அழுத்தி எடுத்து, 35×28×8க்குள் கவரில் அடக்கினால் அதே பெட்ஷீட் சுமார் 1.6 கிலோதான்.

மழையைப் பற்றி இவ்வளவுதான்: துணியை முதலில் பாலித்தீன் கவரில் போட்டு ஒட்டி, பிறகு வெளிக்கவரில் போடுங்கள். லேபிளின் மேல் அகலமான டேப் ஒட்டுங்கள். மை கரைந்து பின்கோடு அழிந்துபோன பார்சல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அதே மாதம் பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களும் தத்தளித்ததை நினைவில் வைத்து, மழைக் காலத்தில் அந்தப் பின்கோடுகளுக்கு ஒரு நாள் கூடுதலாகப் போடுவது புத்திசாலித்தனம்.

கவர், டேப், லேபிள் ரோல் எல்லாவற்றையும் செப்டம்பரில் வாங்கி அடுக்குங்கள். அதிகம் ஓடும் ரகங்களை முன்கூட்டியே மடித்து, கவரில் போட்டு, அளவு எழுதி வைத்துவிட்டால் ஆர்டர் வரும்போது லேபிள் ஒட்டுவது மட்டும்தான் வேலை.

நெய், நாட்டுச்சர்க்கரை, தேங்காய் எண்ணெய், பலகாரம் அனுப்புபவர்கள் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் அச்சிட்டிருக்க வேண்டும். நெய் பாட்டிலின் மூடியை டேப் சுற்றி, தனிக் கவரில் நிற்க வைத்து அனுப்புங்கள். பட்டாசைப் பார்சலில் சேர்த்து அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும் கூடாது. அஞ்சலிலும் கூரியரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், ஆன்லைன் பட்டாசு விற்பனையை உச்ச நீதிமன்றமும் 2018இல் தடை செய்தது.

படி 6: "தீபாவளிக்கு எந்த ஊர்ல இருப்பீங்க?"

இந்த ஒரு கேள்வியை நோம்பி ஆர்டர் ஒவ்வொன்றிலும் கேளுங்கள். சென்னை, பெங்களூருவில் வேலை பார்ப்பவர்கள் நோம்பிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கிளம்பி கோபி, தாராபுரம், மதுரை, நாகர்கோவில் என்று சொந்த ஊர் போய்விடுகிறார்கள். அவர்கள் கொடுப்பதோ வாடகை வீட்டு முகவரி. பார்சல் சரியான நாளில் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறது. கூரியர் மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை, ஆனால் துணி நோம்பிக்குக் கிடைக்கவில்லை.

நவம்பர் 2க்குப் பிறகு போய்ச்சேரும் பார்சல் என்றால், சொந்த ஊர் முகவரியையே கேட்டு வாங்குங்கள். அப்பா அம்மா பெயரில், அவர்கள் போன் நம்பரோடு. இரண்டு போன் நம்பர் கட்டாயம்: ஒன்று வாங்கியவருடையது, இன்னொன்று அந்த வீட்டில் பகலில் இருப்பவருடையது. இப்போது ஓடிபி கேட்டு டெலிவரி செய்வதும் உண்டு என்பதால், யார் நம்பருக்கு ஓடிபி போகிறதோ அவர் போனை எடுப்பவராக இருக்க வேண்டும். கிராமம் என்றால் கோயில், ஸ்கூல், ரேஷன் கடை என்று ஓர் அடையாளம் கேட்டு எழுதுங்கள். ஆபீஸ் முகவரி கொடுப்பவர்களிடம் ஆபீஸ் எந்த நாள் வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். ஐடி கம்பெனிக்காரர்கள் பலர் அந்த வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார்கள். கேட்டில் செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டால்தான் உண்டு.

படி 7: தேதியைச் சொல்லுங்கள், முன்பே சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்

தேதி உங்கள் நோட்டில் இருந்தால் மட்டும் போதாது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஸ்டேட்டஸிலும், குரூப்பிலும், ஒவ்வொரு படத்தின் கீழும் அது இருக்க வேண்டும். "சீக்கிரம் ஆர்டர் பண்ணுங்க" என்று போடுவதில் பயனில்லை. யாருக்கு எந்தத் தேதி என்று இருக்க வேண்டும். இப்படி:

"வணக்கங்க. தீபாவளிக்கு பிளவுஸ் தைத்துக் கட்ட வேண்டிய சேலைகளுக்குக் கடைசி ஆர்டர் நாள் அக்டோபர் 10. வெளிமாநில ஆர்டருக்கு அக்டோபர் 23. தமிழ்நாட்டுக்குள் ரெடிமேட் துணிக்கு அக்டோபர் 30. இந்தத் தேதிகளுக்குள் பணம் அனுப்பி, முகவரி உறுதி செய்த ஆர்டர்களை அடுத்த வேலை நாளே அனுப்பிவிடுவோம். இதற்குப் பிறகு வரும் ஆர்டரும் எடுப்போம், ஆனால் தீபாவளிக்குக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாதுங்க."

இந்த அறிவிப்பில் இரண்டு நிபந்தனைகள் முக்கியம்: "பணம் அனுப்பி, முகவரி உறுதி செய்த". "எடுத்து வையுங்க அக்கா, சம்பளம் வந்ததும் அனுப்பறேன்" என்பது ஆர்டர் அல்ல என்பதை அது சொல்லிவிடுகிறது.

தேதி முடிந்த பின்னும் கேட்பவர்கள் வருவார்கள். பழகிய வாடிக்கையாளராக இருப்பார், மறுப்பது கஷ்டம். அவரிடம், "உங்களுக்கு நோம்பிக்குக் கிடைக்காமப் போனா எனக்குத்தாங்க மனசு கேக்காது. வேணும்னா தீபாவளி முடிஞ்சு அனுப்பட்டுங்களா?" என்று சொல்லலாம். பக்கத்து ஊர்க்காரர் என்றால் நேரில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பணத்துக்காகத் தலையாட்டிவிட்டு, பிறகு போனை எடுக்காமல் இருப்பது மட்டும் வேண்டாம். சிறு வியாபாரத்தில் நம்மிடம் மறுபடி வாங்குவதற்கு அவர்களுக்கு இருக்கும் ஒரே காரணம் நம் பேச்சுதான்.

படி 8: சிஓடியை முதலில் மூடுங்கள்

டெலிவரியின்போது பணம் கையில் வாங்கிக் கொடுக்கும் சிஓடி (கேஷ் ஆன் டெலிவரி) ஆர்டர்களை, முன்பணம் கட்டிய ஆர்டர்களுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். நோம்பி நேரத்தில் ஒரே ஆள் மூன்று இடத்தில் ஆர்டர் போட்டு, முதலில் வருவதை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவது சகஜம். அப்படித் திரும்பும் பார்சல் உங்கள் கைக்கு வரும்போது தீபாவளி முடிந்திருக்கும். போன கூரியர் செலவும் உங்களுடையது, திரும்பிய செலவும் உங்களுடையது. சிஓடி கட்டாயம் வேண்டும் என்பவரிடம் கூரியர் கட்டணத்தை மட்டுமாவது முன்கூட்டி வாங்குங்கள். வாங்கும் எண்ணம் உள்ளவர் அதற்கு மறுக்க மாட்டார்.

படி 9: கடைசி இரண்டு வாரம் தினசரி வேலை

காலையில் முதல் வேலை புது ஆர்டர் அல்ல, நகராத பார்சல்கள். டிராக்கிங்கில் 48 மணி நேரமாக எந்த அசைவும் இல்லாதவற்றைத் தனியாக எழுதி, கிளைக்குப் போன் செய்யுங்கள். ஸ்பீடு போஸ்ட் எண் 13 எழுத்து, இ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஐஎன் என்று முடியும். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது ரசீதைப் படமெடுத்து அனுப்பிவிட்டால் எண் தவறாகப் போகாது. தாமதம் தெரிந்தால் அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். முந்திச் சொன்னால் பெரும்பாலோர் கோபப்படுவதில்லை.

மதியம் ஒரு மணிக்கு அன்றைய ஆர்டரை மூடுங்கள். அதற்குப் பின் வருவது நாளைக்கு. மூன்று மணிக்குள் லேபிள் ஒட்டி முடித்து, வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கிளையில் கொடுங்கள். பார்சல் ஒவ்வொன்றையும் மூடும் முன் துணி, அளவு, லேபிள் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி போனில் எடுத்து வைப்பது, "கலர் மாறி வந்திருக்குங்க" என்ற போன் வரும்போது உதவும். வீட்டில் யாராவது இந்த இரண்டு வாரம் போன் பார்த்துக்கொள்ள முடிந்தால், பேக் செய்பவரும் பதில் சொல்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது நல்லது. பேசிக்கொண்டே லேபிள் ஒட்டினால் முகவரி மாறிவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்கு

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, அமெரிக்காவில் நம் ஊர்க்காரர்கள் நிறைய இருப்பதால் இந்த ஆர்டர்களும் வரும். சுங்கப் பரிசோதனையில் எத்தனை நாள் நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. ஆகவே தீபாவளிக்கு வேண்டிய பார்சல் செப்டம்பர் கடைசிக்குள், கிறிஸ்துமஸுக்கு வேண்டியது நவம்பர் நடுவுக்குள் கிளம்ப வேண்டும். சுங்கப் படிவத்தில் "துணி" என்று மட்டும் எழுதாமல், பருத்தியா பாலியெஸ்டரா, எத்தனை, என்ன மதிப்பு என்று உள்ளபடி எழுதுங்கள்.

விதிகள் மாறுவதையும் கவனிக்க வேண்டும். 800 டாலருக்குக் குறைந்த பார்சல்களுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று நீங்கியது. அதையொட்டி அந்நாட்டுக்கான அஞ்சல் பார்சல்கள் இங்கிருந்து நிறுத்தப்பட்டு, அக்டோபர் நடுவில்தான் திரும்பத் தொடங்கின. தீபாவளிக்கு ஆர்டர் எடுத்திருந்தவர்கள் அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டார்கள். எனவே வெளிநாட்டு ஆர்டரில் பணம் வாங்கும் முன், அந்த வாரம் புக்கிங் நடக்கிறதா, வரியைக் கட்டப்போவது யார் என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தீபாவளி முடிந்த மறுநாள்

நவம்பர் 9 முதல் ஒரு வாரம் திரும்பி வரும் பார்சல்களும், அளவு மாற்றக் கேட்பவர்களும் இருப்பார்கள். வந்த ஒவ்வொரு பார்சலின் தேதியையும், திரும்பியதற்கான காரணத்தையும் அந்தப் பின்கோடு நோட்டிலேயே எழுதிவிடுங்கள், ஞாபகம் புதிதாக இருக்கும்போதே. அடுத்த வருசம் கணக்குப் போட அதுதான் வேண்டும்.

ஆனால் அதைவிட அவசரமானது பொங்கல் சரக்கு. திருப்பூரில் பெரும்பாலான யூனிட்டுகள் தீபாவளிக்குப் பின் ஒரு வாரம் போல மூடிக் கிடக்கும். ஊருக்குப் போனவர்கள் முழுசாகத் திரும்பி, தையல் மெஷின்கள் வழக்கம்போல ஓட நவம்பர் கடைசி ஆகிவிடும். டிசம்பர் மழை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று நாட்கள் போய், ஜனவரி நடுவில் பொங்கல் வந்துவிடுகிறது. வேட்டி, குழந்தைகளின் பாவாடை சட்டை, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் கேட்கும் பச்சை வேட்டி, துண்டு எல்லாவற்றுக்கும் துணி, நூல், ஜாப் ஒர்க் தேதியை தீபாவளிக்கு முன்பே பேசி முன்பணம் கொடுத்து வைத்தவர்களுக்குத்தான் டிசம்பர் இரண்டாவது வாரத்தில் சரக்கு கையில் இருக்கும். பொங்கலுக்கான கடைசித் தேதிகளையும் இதே முறையில் பின்னோக்கி எண்ணி, டிசம்பர் 15க்குள் ஸ்டேட்டஸில் போட்டுவிடுங்கள்.